லொறி ஹீட்டரை வெட்டி எறியாதீர்கள்

புறக்கோட்டையில் லொறி வைத்திருக்கும் யாரிடமாவது போய், "உங்கள் லொறியின் ஹீட்டர் ஒழுங்காக வேலை செய்கிறதா?" என்று கேட்டுப் பாருங்கள். முதலில் உங்களை ஒரு மாதிரியாகப் பார்ப்பார். பிறகு சிரிப்பார். நண்பகல் வெயிலில் ஐந்தாம் குறுக்குத் தெருவில் நாட்டாமைமார் மூடை சுமந்து வியர்த்து நிற்கும் ஊரில் ஹீட்டர் எதற்கு என்பது நியாயமான கேள்விதான். ஆனால் அதே லொறி அன்றிரவே சீனி, பருப்பு, கருவாடு ஏற்றிக்கொண்டு புறப்பட்டு, விடிவதற்கு முன் நுவரெலியாவில் போய் நிற்கிறது. இறக்கிவிட்டு லீக்ஸ், கரட், உருளைக்கிழங்கு ஏற்றிக்கொண்டு மறுபடியும் கீழே வருகிறது. கொழும்பு வெயிலை மாத்திரம் நினைத்து அந்த வண்டியைப் பற்றி முடிவெடுக்க முடியாது.

நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. ஆயிரம் மீற்றர் உயரம் கூடினால் வெப்பநிலை ஏறத்தாழ ஆறரைப் பாகை செல்சியஸ் குறையும் என்பது பாடசாலையில் படித்த கணக்கு. அப்படியானால் கொழும்பை விட அங்கே சுமார் 12 பாகை குறைவு. இது சராசரிக் கணக்குத்தான். ஜனவரி, பெப்ரவரி மாதங்களின் விடியற்காலையில் அங்கே புல்லின்மேல் உறைபனி வெள்ளையாகப் படிந்து கிடப்பதை மரக்கறி வியாபாரிகள் நன்கு அறிவார்கள். ஒரே லொறி, ஒரே சாரதி, ஒரே இரவு. ஏறத்தாழ 170 கிலோமீற்றர் தூரத்துக்குள் இரண்டு நாடுகளில் ஓடுவதைப் போல ஓடவேண்டியிருக்கிறது. இந்த இரண்டுக்கும் ஈடுகொடுக்கும்படி சாரதி அறையின் சூட்டைக் கூட்டிக் குறைக்கும் ஏற்பாட்டை எப்படிச் சீர்செய்வது, முடிந்தால் எப்படி மேம்படுத்துவது என்பதைத்தான் இவ்வாரம் எழுதுகிறேன். சாரதியின் சொகுசு என்று இதை ஒதுக்கிவிடாதீர்கள். உங்கள் டீசல் செலவும், ஏ.சி. செலவும், வண்டியில் இருப்பவர்களின் உயிரும் இதில் சம்பந்தப்பட்டிருக்கின்றன.

நம்மவர்களிடம் இருக்கும் எல்ஃப், கன்டர், டைனா போன்ற லொறிகளில் பெரும்பகுதி ஜப்பானில் ஓடிவிட்டு இங்கே வந்தவை. ஜப்பானின் வடக்கே குளிர்காலத்தில் தண்ணீர் உறைந்துவிடும். ஆகவே அந்த வண்டிகளை ஹீட்டர் இல்லாமல் செய்வதில்லை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025இல்தான் மீண்டும் கதவு திறந்தது. இடைப்பட்ட வருடங்களில் இருந்த லொறிகளையே ஒட்டித் தைத்து ஓட்டினோம். இன்றும் நம்மில் பலர் ஓட்டுபவை அவைதான். இரும்பு தாக்குப்பிடிக்கும், றப்பரும் பிளாஸ்டிக்கும் தாக்குப்பிடிப்பதில்லை. ஹீட்டரைக் கட்டுப்படுத்தும் பாகங்கள் பெரும்பாலும் றப்பரும் பிளாஸ்டிக்கும்தான்.

ஹீட்டர் வேலை செய்யும் விதம் மிக எளிது. எஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீர் எஞ்சினுக்குள் சுற்றி 80, 90 பாகை வரை சூடாகிறது. அதில் ஒரு பங்கு இரண்டு றப்பர் ஹோஸ்கள் வழியாக டேஷ்போர்டின் கீழே இருக்கும் ஒரு சின்ன ரேடியேட்டருக்குப் போய்த் திரும்புகிறது. அதன் ஊடாக ஒரு மின்விசிறி காற்றை ஊதுகிறது. வெளியே வரும் சூடான காற்று காலுக்கும், முன் கண்ணாடிக்கும் போகிறது. இதற்கென்று தனியாக ஒரு சொட்டு டீசல்கூட எரிவதில்லை. எஞ்சின் வீணாக வெளியே விடும் சூட்டைத்தான் எடுத்துக்கொள்கிறோம்.

இந்தச் சூட்டைக் கூட்டிக் குறைப்பதற்கு இரண்டு முறைகள் உண்டு. ஒன்று, சுடுதண்ணீர் வரும் ஹோஸில் ஒரு வால்வு வைத்து, டேஷ்போர்டில் உள்ள நெம்புகோலிலிருந்து ஒரு கேபிளால் அதைத் திறந்து மூடுவது. மற்றது, தண்ணீரை எப்போதும் ஓடவிட்டு, உள்ளே ஒரு தட்டை அசைத்துச் சூடான காற்றையும் குளிர்ந்த காற்றையும் கலப்பது. சில வண்டிகளில் இரண்டும் சேர்ந்திருக்கும். உங்கள் வண்டி எந்த வகை என்பதை முதலில் தெரிந்துகொள்ளாமல் ஒரு ரூபாவும் செலவழிக்க வேண்டாம். கெபினைச் சாய்த்து, நெம்புகோலை ஒருவர் அசைக்க, ஹோஸ் போகும் வழியில் ஏதாவது அசைகிறதா என்று பார்த்தால் போதும். அசைந்தால் வால்வு வகை.

வால்வு பழுதாகிப் போனால் என்ன நடக்கும்? நெம்புகோல் "குளிர்" பக்கம் இருந்தாலும் வால்வு முழுதாக மூடாது. சுடுதண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே ஓடிக்கொண்டே இருக்கும். பேலியகொடையில் வாகன நெரிசலில் நிற்கும்போது சாரதியின் கால் வேகும். ஏ.சி. உள்ள லொறியில் இன்னொரு கூத்தும் நடக்கும். ஏ.சி.யில் குளிர்ந்த காற்று அடுத்து அந்தச் சின்ன ரேடியேட்டரைத் தாண்டித்தான் வெளியே வருகிறது. குளிர்ந்த காற்றை அங்கேயே சூடாக்கிவிட்டு, "ஏ.சி. கூல் பத்தாது" என்று கராஜுக்குப் போகிறோம். அங்கே காஸ் நிரப்புகிறார்கள். இரண்டு மாதத்தில் மறுபடியும் காஸ். சில சமயம் கொம்ப்ரஸரையே மாற்றச் சொல்கிறார்கள். எனக்குத் தெரிந்த ஒரு பலசரக்கு வியாபாரி ஒரே வருடத்தில் மூன்று முறை காஸ் நிரப்பினார். கடைசியில் வயதான ஒரு பாஸ் வந்து ஹீட்டர் ஹோஸை ஒரு பிடிகுறட்டால் நெரித்துப் பிடித்தார். பத்து நிமிடத்தில் கெபின் ஐஸ் பெட்டி மாதிரி ஆனது. பழுது ஏ.சி.யில் இல்லை, ஹீட்டர் வால்வில்.

இந்தச் சூட்டுக்கு நமது கராஜ்களில் செய்யும் வைத்தியம் ஒன்றுதான்: ஹீட்டரை "கட்" பண்ணுவது. ஹோஸ்கள் இரண்டையும் கழற்றி, எஞ்சின் பக்கத்து முனைகள் இரண்டையும் ஒரு ஹோஸால் இணைத்துவிடுவார்கள். இது ஓரளவு நல்ல முறை, தண்ணீர் சுற்றும். வேறு சிலர் இரண்டு முனைகளிலும் ஒவ்வொரு போல்ட்டைச் செருகி கிளிப் போட்டு அடைத்துவிடுவார்கள். இது கூடாது. சில எஞ்சின்களில் தர்மோஸ்டாட் திறக்கும் முன்னர் தண்ணீர் சுற்றுவதற்கான வழியில் ஹீட்டர் ஹோஸும் ஒரு பகுதி. அதை அடைத்தால் எஞ்சின் தலைப் பகுதியில் சூடு சமமாகப் பரவாது. தலைக்குக் கேஸ்கெட் போடும் செலவு எவ்வளவு என்று லொறிக்காரருக்கு நான் சொல்லத் தேவையில்லை.

எந்த விதமாகக் கட் பண்ணினாலும் கொழும்பில் பிரச்சினை தீர்ந்துவிடும். மலையில்தான் தொடங்கும்.

மாவனல்லைப் பக்கத்துச் சாரதி ஒருவர் எங்களிடம் பல வருடம் ஓடினார். வேறொருவரிடமிருந்து வாங்கிய லொறி அது. ஹீட்டரை முன்னைய சொந்தக்காரரே கட் பண்ணியிருந்தார். ஒரு நாள் அவர் சொன்னார்: "மொதலாளி, எறம்பொடைக்கு மேல கண்ணாடி வெள்ளத் துணி போத்தின மாதிரி. ஒரு கையால ஸ்டேரிங், மத்தக் கையால கண்ணாடி தொடைக்கிறன். ஒரு நாளைக்கி நீங்க பக்கத்துல குந்தி வந்து பாருங்க." போய்ப் பார்த்தேன். மழை. கெபினுக்குள் மூன்று பேர், மூவரின் உடுப்பும் ஈரம். குளிர் தாங்காமல் கண்ணாடிகளை ஏற்றிவிட்டோம். ஐந்து நிமிடத்தில் முன் கண்ணாடியில் ஆவி படிந்து, எதிரே வரும் பஸ்ஸின் விளக்கு ஒரு மஞ்சள் புகையாகத்தான் தெரிந்தது. வளைவுக்கு வளைவு கிளீனர் பையன் துணியால் துடைத்தான். துடைத்த இடம் இரண்டாம் வளைவுக்குள் மறுபடியும் மூடியது. சில சாரதிமார் புகையிலை தேய்ப்பார்கள், சவர்க்காரம் தேய்ப்பார்கள், உருளைக்கிழங்கை வெட்டித் தேய்ப்பார்கள். பின்னால் ஐந்து தொன் உருளைக்கிழங்கு இருக்கும்போது அதில் ஒன்று போனால் என்ன! ஆனால் அவை எல்லாம் அரைமணி நேர வைத்தியம்.

ஆவி ஏன் படிகிறது? நாம் விடும் மூச்சிலும் ஈர உடுப்பிலும் உள்ள நீராவி குளிர்ந்த கண்ணாடியில் பட்டுத் தண்ணீராகிறது. கண்ணாடியைச் சூடாக்கினால் படியாது, காற்றை உலர்த்தினாலும் படியாது. ஏ.சி. காற்றை உலர்த்துகிறது, ஹீட்டர் கண்ணாடியைச் சூடாக்குகிறது. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் காற்றைக் கண்ணாடிக்குத் திருப்பினால் ஒன்றிரண்டு நிமிடத்தில் தெளிந்துவிடும். ஏ.சி. இல்லாத லொறியில் ஹீட்டர் மட்டும் போதும், சற்று நேரம் கூடப் பிடிக்கும். ஆனால் உள்காற்றையே சுற்றவிடும் நெம்புகோலை மூடி வைத்திருந்தால் எதுவும் பயனில்லை. அது வெளிக்காற்றை எடுக்கும் பக்கம் இருக்கவேண்டும். இந்த ஒரு விடயம் தெரியாத சாரதிமார் ஏராளம்.

கொழும்பிலும் இதே கண்ணாடி பிரச்சினை தலைகீழாக வருவதுண்டு. மாரி மழையில் ஏ.சி.யைக் கூடக் குளிராக்கிக் கண்ணாடிப் பக்கம் திருப்பினால், கண்ணாடியின் வெளிப்பக்கம் ஆவி படியும். உள்ளே துணியால் எவ்வளவு துடைத்தாலும் போகாது. வைப்பரைப் போட்டு, காற்றைக் கண்ணாடியிலிருந்து திருப்பி, குளிரைக் கொஞ்சம் குறைத்தால் சரி. குளிரைக் குறைப்பதற்கும் அதே வெப்பக் கட்டுப்பாடுதான் வேலை செய்யவேண்டும்.

இனி டீசலுக்கு வருவோம். ஹீட்டரோடு சேர்த்து நமது கராஜ்களில் செய்யும் இன்னொரு வேலை, தர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவது. "இது நம்ம ஊருக்குத் தேவையில்ல முதலாளி, எஞ்சின் சூடாகாம இருக்கும்" என்பார்கள். எஞ்சினுக்கு ஒரு குறிப்பிட்ட சூடு வேண்டும். டீசல் லொறிகளின் தர்மோஸ்டாட் பொதுவாக 76 முதல் 82 பாகையில் திறக்கத் தொடங்கும். அதைக் கழற்றிவிட்டால் மலைக் குளிரில், இறக்கத்தில் வரும்போது எஞ்சின் தேவையான சூட்டுக்கு வருவதே இல்லை. டீசல் முழுதாக எரியாது, ஒயில் கெட்டியாகவே இருக்கும், புகை கூடும். 2008இல் தொடங்கிய புகைப் பரிசோதனையில் வண்டி தோற்றுத் திரும்பும்போது பம்பைக் குறை சொல்வோம்.

ஹீட்டர் சரியாக இருந்தால் இந்த மோசடியை அது காட்டிக்கொடுத்துவிடும். அரைமணி நேரம் ஓடிய பின்னும் ஹீட்டரில் இளஞ்சூடான காற்றுத்தான் வருகிறதென்றால், ஒன்றில் தர்மோஸ்டாட் இல்லை, அல்லது திறந்தபடி இறுகிவிட்டது, அல்லது தண்ணீர் குறைவு. மாதம் 12 நடை நுவரெலியா போய்வரும் ஒரு லொறியை எடுத்துக்கொள்வோம். போகவர 340 கிலோமீற்றர், லீற்றருக்கு 6 கிலோமீற்றர் என்று வைத்தால் மாதம் 680 லீற்றர். எஞ்சின் குளிர்ந்து ஓடுவதால் நூற்றுக்கு ஐந்து கூடினால் 34 லீற்றர், வருடத்துக்கு 400 லீற்றருக்கு மேல். 2021 டிசம்பரில் 121 ரூபாவாக இருந்த ஓட்டோ டீசல் 2022 ஜூன் இறுதியில் 460 ரூபாவைத் தொட்டதை நாம் மறக்கவில்லை. அந்த நாட்களில் கியூவில் நின்று எடுத்த டீசலில் எவ்வளவு இப்படி வீணாகப் புகையாகியிருக்கும் என்று கணக்குப் பார்த்தால் நெஞ்சு வலிக்கும்.

ஹீட்டரால் இன்னொரு உபகாரமும் உண்டு. கடுகண்ணாவையிலோ இறம்பொடையிலோ ஏற்றத்தில் பாரத்தோடு போகும்போது சூட்டுமானியின் முள் மேலே ஏறத் தொடங்கினால், ஹீட்டரை முழுதாகத் திறந்து விசிறியையும் முழு வேகத்தில் போடச் சொல்லுங்கள். கெபின் வெந்துபோகும், ஆனால் எஞ்சினுக்கு இரண்டாவது ரேடியேட்டர் கிடைத்த மாதிரி. பாதுகாப்பான ஓர் இடத்தில் நிறுத்தும்வரை அது தாங்கும். நிறுத்திய பின் ரேடியேட்டர் மூடியைச் சூட்டோடு திறக்கக் கூடாது.

ஆகவே ஹீட்டரை வெட்டாமல், மூடும்போது முழுதாக மூடவும், திறக்கும்போது தேவையான அளவுக்குத் திறக்கவும் வைப்பதுதான் நாம் செய்யவேண்டியது. முதலில் சோதனை. எஞ்சின் சூடான பிறகு நெம்புகோலைக் குளிர் பக்கம் வைத்து, பத்து நிமிடம் கழித்து இரண்டு ஹோஸ்களையும் ஒரு துணியால் பிடித்துப் பாருங்கள். வால்வு வகை வண்டியில் இரண்டுமே சூடாக இருந்தால் வால்வு மூடவில்லை. பிறகு சூட்டுப் பக்கம் வைத்துப் பாருங்கள். போகும் ஹோஸ் சூடாகவும் திரும்பும் ஹோஸ் வெதுவெதுப்பாகவும் இருந்தால் உள்ளே உள்ள சின்ன ரேடியேட்டர் அடைத்திருக்கிறது. வெறும் பைப் தண்ணீர் ஊற்றி ஓட்டிய வண்டிகளில் இது சகஜம். துரு, சுண்ணாம்பு, இன்னும் என்னென்னவோ. ரேடியேட்டர் ஒழுகினால் மஞ்சள் தூள் போடும் பழக்கமும் நம்மிடம் உண்டு. 2020இல் மஞ்சள் இறக்குமதி நின்று விலை வானத்துக்கு ஏறியபோதாவது அந்தப் பழக்கம் குறைந்திருக்கும் என்று நினைக்கிறேன். ஒழுகலை அடைக்கும் எந்தத் தூளும் முதலில் அடைப்பது ஹீட்டரின் மெல்லிய குழாய்களைத்தான்.

வால்வு மூடாததற்குப் பாதி வண்டிகளில் காரணம் கேபிள்தான். கேபிளின் உறையைப் பிடித்திருக்கும் சிறு கிளிப் கழன்று, நெம்புகோல் நகர்ந்தாலும் வால்வு பாதிதான் நகரும். கிளிப்பைச் சரியான இடத்தில் பூட்டுவதற்கு அரைமணி நேரம் போதும். காற்றைக் கலக்கும் வகையில் தட்டைச் சுற்றியுள்ள ஸ்பொஞ்ச் உதிர்ந்து போயிருக்கும். கறுப்புத் தூள் தூளாகக் காற்றோடு வெளியே வந்தால் அதுதான் அடையாளம். புதிய ஸ்பொஞ்ச் ஒட்டவேண்டும். அந்த வகை வண்டிக்குச் சுடுதண்ணீர் போகும் ஹோஸில் ஒரு வால்வையும் சேர்த்துவிட்டால் கொழும்பில் கெபினுக்குள் சூடு வருவது நின்றுவிடும்.

வால்வை மாற்றுவதென்றால் பஞ்சிகாவத்தைதான். பழைய வால்வைக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள். ஹோஸின் உள்விட்டம் பல லொறிகளில் 16 மில்லிமீற்றர், நம் பேச்சில் ஐந்தெட்டு. ஆனால் அளக்காமல் வாங்கவேண்டாம். கழற்றி எடுத்த ஜப்பான் வால்வு என்றால் நன்றாகக் கழுவி, மூடிவைத்து, ஒரு பக்கம் சிறு ஹோஸ் போட்டு ஊதிப் பாருங்கள். காற்றுப் போனால் சுடுதண்ணீரும் போகும். கழுவச் சொல்வதற்குக் காரணம், கூலன்ட் நஞ்சு. பிளாஸ்டிக் வால்வு விலை குறைவு, ஆனால் வயதானால் சட்டென்று உடையும். உடைந்தால் தண்ணீர் முழுதும் வீதியில். கொஞ்சம் கூடக் கொடுத்தாலும் பித்தளை நல்லது. கட்டட வேலைக்கு விற்கும் தண்ணீர்க் குழாய்த் திருகியைப் பொருத்தும் பாஸ்மாரும் இருக்கிறார்கள். மூடுவதற்கு அது நன்றாகத்தான் மூடும். ஆனால் அதைத் திறக்கக் கெபினைச் சாய்க்க வேண்டும். நடுநிசியில், மழையில், சாமான் ஏற்றிய லொறியில் எந்தச் சாரதி கெபினைச் சாய்ப்பார்? உட்கார்ந்த இடத்திலிருந்து இயக்கமுடியாத கட்டுப்பாடு கட்டுப்பாடே அல்ல.

முன்னே சொன்னபடி எஞ்சினுக்கு ஹீட்டர் வழி திறந்தே இருக்கவேண்டிய வண்டியாக இருந்தால், நான்கு வாய் உள்ள வால்வு கேளுங்கள். அது ஹீட்டரை மூடும்போது தண்ணீரை வந்த வழியே எஞ்சினுக்குத் திருப்பிவிடும். கூட இரண்டு துண்டு ஹோஸும் நான்கு கிளிப்பும்தான் செலவு.

இதுவரை சொன்னது பழையதைச் சீர்செய்வது. உண்மையான மேம்பாடு என்பது நெம்புகோலுக்குப் பதிலாக வெப்பநிலையைத் தானே பார்த்துக்கொள்ளும் மின் வால்வு வைப்பது. அது ஏன் தேவை என்பதை மலையில் ஓடியவர்கள் சட்டென்று விளங்கிக்கொள்வார்கள். தண்ணீரைத் தள்ளும் பம்ப் எஞ்சினால் சுற்றுகிறது. ஏற்றத்தில் சிறிய கியரில் எஞ்சின் வேகமாகச் சுற்றும்போது சுடுதண்ணீர் வேகமாக வரும். இறக்கத்தில் எஞ்சின் சுமையில்லாமல் ஓடும்போது தண்ணீரின் சூடு இறங்கிவிடும். நெம்புகோல் அதே இடத்தில் இருந்தாலும் ஏற்றத்தில் சாரதி வேகிறார், இறக்கத்தில் விறைக்கிறார். போதாக்குறைக்கு இந்த வால்வுகள் கொஞ்சம் திறந்தாலே பெரும்பகுதித் தண்ணீரை விட்டுவிடும். கால்வாசி திறந்தாலும் முழுதாகத் திறந்தாலும் சூட்டில் பெரிய வித்தியாசம் இருக்காது. ஆகவே சாரதி நெம்புகோலோடு மல்லுக்கட்டிக்கொண்டே போவார். அலுத்துப்போய் முழுதாகத் திறந்துவிட்டால் கெபின் அடுப்படி மாதிரி ஆகும். அதிகாலை மூன்று மணிக்கு, சாப்பிட்ட வயிறோடு, சூடான கெபினில் உட்கார்ந்திருப்பவருக்கு என்ன வரும்? தூக்கம் வரும். கண்ணாடியில் ஆவி படிவதை விட இது பயங்கரம்.

மின் வால்வு ஏற்பாட்டில் கெபினுக்குள் ஒரு சென்சர் இருக்கும். 22 பாகை என்று குமிழைத் திருப்பி வைத்தால், அதற்குக் கீழே போகும்போது வால்வு திறக்கும், மேலே போனால் மூடும். சில வால்வுகள் சில வினாடி திறந்து சில வினாடி மூடித் துடித்துக்கொண்டே வேலை செய்யும். வேறு சில சிறு மோட்டாரால் மெதுவாகத் திரும்பித் தேவையான அளவில் நிற்கும். நமது ஆட்களுக்கு நான் சொல்வது இரண்டாவது வகை. மின்சாரம் போனாலும் அது இருந்த இடத்திலேயே நிற்கும். துடிக்கும் வகையில் மின்சாரம் போனால் முழுதாகத் திறப்பதும் உண்டு, முழுதாக மூடுவதும் உண்டு. வாங்கும்போதே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

வோல்ட் விடயத்தில் கவனம். ஜப்பானிலிருந்து வந்த எல்ஃப், கன்டர் பல 24 வோல்ட். சிறிய லொறிகளில் 12 வோல்ட்டும் உண்டு. கார்களுக்கு விற்கும் 12 வோல்ட் வால்வை 24 வோல்ட் லொறியில் பூட்டினால் முதல் நாளே எரிந்துவிடும், விற்றவர் திருப்பி எடுக்கமாட்டார். பற்றரி எத்தனை, எப்படி இணைத்திருக்கிறது என்று பார்த்துவிட்டுப் போங்கள். வயரைத் தனியான ஃபியூஸ் வழியாக எடுக்கவேண்டும், விளக்கு வயரில் தொங்கவிடக் கூடாது. சென்சரை எங்கே வைப்பது என்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். டேஷ்போர்டின் கீழே சூட்டுக் குழாய் பக்கத்தில் வைத்தால் கெபின் சூடாகும் முன்பே வால்வு மூடிவிடும். வெயில் படும் இடத்தில் வைத்தாலும் அதே கதைதான். சாரதியின் ஆசனத்துக்குப் பின்னால், தோள் உயரத்தில், காற்று நேரே படாத இடம் நல்லது.

லங்கா அசோக் லேலண்ட் 1982இல் தொடங்கிய காலத்திலிருந்து இந்திய லொறிகளும் நமது வீதிகளில் ஓடுகின்றன. அவற்றில் பலவற்றில் ஹீட்டரே இருக்காது. அவற்றுக்குச் சிறு ரேடியேட்டரும் விசிறியும் சேர்ந்த தனிப்பெட்டி கிடைக்கிறது; ஹோஸ் இழுத்து வால்வோடு பூட்டலாம். பழைய பழக்கம் அங்கேயும் மாறி வருகிறது. 2025 முதல் இந்தியாவில் புதிதாகச் செய்யப்படும் மூன்றரைத் தொன்னுக்கு மேற்பட்ட லொறிகளின் சாரதி அறைக்கு ஏ.சி. கட்டாயமாக்கப்பட்டிருக்கிறது. சாரதி களைத்தால் லொறி பள்ளத்தில் என்பதை அரசாங்கமே கணக்கில் எடுத்துவிட்டது.

டீசலில் தனியாக எரியும் சிறு ஹீட்டர்களையும் சிலர் விசாரிக்கிறார்கள். எஞ்சினை நிறுத்திவிட்டுத் தூங்கும்போது சூடு தருபவை அவை. ஐரோப்பாவில், பனியில் இரவைக் கழிக்கும் லொறிகளுக்கு அவை தேவை. கெப்பெட்டிபொலவில் லோட் கிடைக்கும்வரை இரண்டு மணி நேரம் காத்திருக்கும் நமது லொறிக்கு ஒரு நல்ல போர்வை போதும். அதன் புகைக்குழாயைச் சரியாக வெளியே விடாவிட்டால் மணமில்லாத நச்சுப் புகை கெபினுக்குள் வந்து தூங்குபவர் எழும்பவே மாட்டார். எஞ்சினை ஓடவிட்டுக் கெபினுக்குள் தூங்குவதிலும் அதே ஆபத்து உண்டு. கூடவே மணிக்கு ஏறத்தாழ ஒரு லீற்றர் டீசலும் சும்மா போகும்.

வேலை முடிந்ததும் தண்ணீரை முழுதாக மாற்றி, கூலன்டும் சுத்தமான தண்ணீரும் பாதிக்குப் பாதி ஊற்றச் சொல்லுங்கள். பச்சையையும் சிவப்பையும் கலக்கவேண்டாம். ஹீட்டரைத் திறந்துவைத்து எஞ்சினை ஓட்டினால்தான் குழாய்க்குள் உள்ள காற்று வெளியேறும். மூடிவைத்து நிரப்பினால் மறுநாள் தண்ணீர் குறைந்திருக்கும். கண்ணாடியின் உள்ளே பிசுபிசுப்பான ஒரு படலமும் இனிப்பு மாதிரி ஒரு வாடையும் வந்தால், ஹீட்டரின் ரேடியேட்டர் ஒழுகுகிறது. அதைத் துணியால் துடைத்துத் தீர்க்க முடியாது, கழற்றத்தான் வேண்டும்.

இவற்றை டிசம்பருக்கு முன் செய்துவிடுவது நல்லது. மலையில் குளிர் தொடங்கிய பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில் பஞ்சிகாவத்தையில் நிற்பார்கள், விலையும் அதற்கேற்றபடி இருக்கும். கழற்றிய பழைய வால்வைக் கராஜில் விட்டுவராமல் கையோடு கொண்டுவந்து கடையில் ஒரு மூலையில் போட்டு வையுங்கள். அடுத்த தடவை அளவு காட்ட அதுதான் தேவைப்படும்.